நிரல் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொதுமக்களிடம் இணையவழியில் கருத்துக் கேட்டு முடிவெடுக்க விரும்பும் ஆட்சியமைப்புகள், அதற்கான மென்பொருள் யாருடையது என்பதையும் கவனிக்க வேண்டும். ஸ்பெயினின் பார்சலோனா நகரில் 2016-இல் தொடங்கிய ‘டெசிடிம்’, இத்தகைய கருத்துக்கேட்புக்கான ஒரு திறந்த மூல மென்பொருள்; அதாவது, அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம். அதன் உரிமத்தின்படி, நிரலை மாற்றி இணையச் சேவையாக நடத்துவோர் அந்த மாற்றங்களையும் பயனர்களுக்குத் திறந்து காட்டியாக வேண்டும். டெசிடிமில் ஒருவர் வைத்த முன்மொழிவு ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா, ஏன் என்று நிர்வாகம் அளிக்கும் பதில் அந்த முன்மொழிவோடு சேர்ந்தே எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. மனுக் கொடுத்துவிட்டுப் பதிலின்றிக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை நன்கு புரியும். மென்பொருளில் அடுத்து எதைச் சேர்ப்பது என்பதையும் ‘மெட்டாடெசிடிம்’ என்னும் பயனர் சமூகம் அதே மென்பொருளைக் கொண்டே விவாதிக்கிறது. இணையம் எட்டாதவர்களுக்கு நேரடிக் கூட்டங்கள் அவசியம். இலவசம்தானே என்று எண்ணி, மென்பொருளைப் பராமரிப்போரின் ஊதியத்துக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்காமல் இதில் இறங்குவது பெருந்தவறு என்பதே என் உறுதியான கருத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்