எழினி என்பது ஆண்பிள்ளையின் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த குழந்தைப் பெயர்ப் பட்டியலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் ஆவலோடு படித்தேன். அதில் ‘எழினி’ என்னும் பெயர் பெண் குழந்தைகளுக்குரிய பகுதியில் மட்டும் இடம்பெற்று, ‘எழில் மிக்கவள்’ என்று பொருளும் தரப்பட்டிருந்ததைக் கண்டபின் எழுதாமல் இருக்க இயலவில்லை. என் மகள் வயிற்றுப் பேரனுக்கு நாங்கள் இட்டிருக்கும் பெயர் அது. ஆகவே இக்கடிதத்தில் சொந்த அக்கறையும் கலந்திருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எழினி என்றால் திரைச்சீலை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய அரங்கில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் இருந்தமை சொல்லப்படுகிறது. எழினி சங்க கால மன்னர்கள் தாங்கிய பெயர். மன்னன் ஒருவனுக்குத் திரைச்சீலை என்றா பெயர் வைப்பார்கள் என்று என் சம்பந்தியும் கேட்டார். போளூருக்கு அருகிலுள்ள திருமலைக் கல்வெட்டு அதற்கு விடை வைத்திருக்கிறது. அம்மலையில் யட்சன், யட்சி திருமேனிகளை எழினி என்பவன் செய்வித்தான் என்றும், அவன் மரபில் வந்த தகடூர் அதிகமான் விடுகாதழகிய பெருமாள் அவற்றைப் புதுப்பித்தான் என்றும் கூறும் அக்கல்வெட்டின் வடமொழிப் பகுதி, எழினி என்ற பெயரை ‘யவனிகா’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. யவனிகை என்றாலும் திரைதான். அந்தக் குடியினரே தங்கள் முன்னோன் பெயரைத் திரை என்றே புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி அப்பெயர் யாருடையது என்பதைப் பார்ப்போம். சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாயைக் கடந்தால் நாம் மிதிப்பது தகடூர் மண், இன்றைய தருமபுரி. 1965ஆம் ஆண்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை அது நம் சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அங்கு ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. பொகுட்டு என்பது தாமரைப் பூவின் நடுவிலுள்ள கொட்டை. எழினி என்பது மகனுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. அது அந்தக் குடிக்கே உரிய பெயர். வள்ளல்களை வரிசைப்படுத்தும் புறநானூற்று 158ஆம் பாடலில் அதியமான் என்ற பெயரே இல்லை. அவன் இருக்க வேண்டிய இடத்தில் எழினி என்றே வருகிறது. அதே பாட்டில் ‘ஊராது ஏந்திய குதிரை’ என்று அவனுடைய குதிரைமலையை, எவரும் ஏறிச் செலுத்த முடியாத குதிரை என விடுகதைபோலச் சொல்லியிருக்கும் அழகை வகுப்பில் எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுத்ததில்லை.

பொகுட்டெழினியைப் பாடியவர் ஔவையார். அவர் பாடிய 102ஆம் பாடலைச் சேலத்துக்காரர்களுக்கு உரை இல்லாமலே விளக்கிவிடலாம். மாடுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்க வேண்டுமோ, மேட்டில் ஏற வேண்டுமோ, வழியில் என்ன நேருமோ யார் அறிவார் என்று உப்பு வணிகர்கள் வண்டியின் கீழ்மரத்தில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்களாம். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்கிறார் ஔவை. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சரக்கு ஏற்றிச் சென்ற சங்ககிரி லாரி ஓட்டுநர் எவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். ஸ்டெப்னி என்று உடனே சொல்லிவிடுவார். ஒரு மகனுக்கு இதைவிட நல்ல உவமையை நான் அறியேன்.

எழினி என்ற பெயர் கொண்ட எல்லாரும் புகழுக்குரியவர்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. அகநானூற்றில் ஓர் எழினி ‘கல்லா எழினி’ என்றே குறிக்கப்படுகிறான். அவனுடைய பல்லைப் பிடுங்கிக் கோட்டைக் கதவில் பதித்தான் மத்தி என்பவன். பேரனிடம் இதைச் சொல்லலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆயினும் அவனும் ஆண்தான். தலையாலங்கானப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்த எழுவருள் ஒருவனாகிய எழினியும் ஆண்தான்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. யாழினி, மகிழினி என்று இக்காலத்தில் பெருகிவிட்ட பெண் பெயர்களோடு ஒலி ஒத்திருப்பதால், ‘இனி’ என்று முடிவதெல்லாம் பெண்பால் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. பாரி, காரி, ஓரி, நள்ளி, அஞ்சி என்று இகரத்தில் முடியும் பெயர்களைத் தாங்கியவர்கள் அனைவரும் ஆடவரே என்பதும், அவர்களோடு சேர்த்து எண்ண வேண்டிய பெயர் எழினி என்பதும் மறந்துபோயின.

நான் 34 ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டவன். மாதேஸ்வரன்களும் பழனிச்சாமிகளும் எண்ணிலடங்காதவர்கள், மலைமேலிருந்து வந்த சேர்வராயன்கள் சிலர், பாரி ஒருவன், அதியமான் இருவர், எழினி ஒருவன்கூட இல்லை. குடிப்பெயரான அதியமானை மக்கள் பற்றிக்கொண்டு, உடன் வந்த பெயரைக் கைவிட்டார்கள் என்றே கருதுகிறேன். எங்கள் வீட்டிலும் இப்பெயர் நிலைத்ததற்கு என் தமிழ் காரணமன்று. பிள்ளை கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்ததுதான். அதற்குரிய எழுத்து ஏகாரமா, எகரமா என்று ஒருநாள் முழுவதும் வாதம் நடந்து, குறிலும் கூடும் என்று சோதிடர் இசைந்த பிறகே தொட்டிலில் பெயர் சொன்னோம்.

பிறப்பைப் பதிவு செய்தபின் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம் என்பதால், மூன்றாம் மாதத்தில் என் மகள் உரிய அலுவலகத்துக்குச் சென்றாள். அங்கிருந்த ஊழியர் பாலினம் என்ற இடத்தில் ஆண் என்றிருப்பதையும் பெயரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இரண்டில் ஒன்று பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் அப்பிச்சியாகிய நான் புறநானூற்று உரையைக் கையில் எடுத்துச் சென்ற பிறகே பெயர் ஏறியது. அவரைக் குறைகூற மாட்டேன். அவர் கைப்பேசியில் தேடிக் காட்டிய பட்டியல்களிலும் எழினி பெண்ணாகத்தான் இருந்தாள்.

பெண் குழந்தைகளுக்கு இப்பெயரை இட்டிருக்கும் பெற்றோரிடம் எனக்கு எந்த வழக்கும் இல்லை. எனினும் அடுத்த முறை தாங்கள் பட்டியல் வெளியிடும்போது, ஆண் குழந்தைகளுக்குரிய பகுதியிலும் எழினியைச் சேர்த்து, பொருள் என்ற இடத்தில் ‘திரை, தகடூர் அதியர் குடிப்பெயர்’ என்று அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.