அத்தைக்குப் போன ஆர்த்துவா

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த நூறாண்டுப் போர் பற்றிய கட்டுரையில், வட பிரான்சிலுள்ள ஆர்த்துவா பகுதியின் பிரபு குடும்பத்து ராபர்ட்டைக் 'கள்ளப் பத்திரம் தயாரித்து மாட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கு ஓடியவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கள்ளப் பத்திரம் உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நீண்ட சொத்து வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் மனிதர் வெறும் வில்லனாகத்தான் தெரிவார்.

இவருடைய தாத்தா, ஆர்த்துவா பிரபு இரண்டாம் ராபர்ட், 1302 ஜூலையில் கூர்த்ரே போரில் பிளெமிஷ் (பிளாண்டர்ஸ் நாட்டு) காலாட்படையிடம் உயிரிழந்தார். மகன் பிலிப் 1298இலேயே போர்க்காயத்தால் இறந்திருந்தார். பிலிப்பின் பிள்ளைதான் நம் ராபர்ட். அப்போது வயது 15. பேரனுக்குத்தானே சொத்து என்று தோன்றும். பிரான்சின் வேறு பல பகுதிகளில் அப்படித்தான் நடந்திருக்கும். ஆர்த்துவா வழக்கமோ வேறு. செத்த தகப்பனின் இடத்தில் பேரன் வந்து நிற்க முடியாது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கே உரிமை, அது மகளானாலும் சரி. ஆகவே அத்தை மஹோ சீமாட்டியானார். ராபர்ட் வழக்குப் போட்டார். பிரான்ஸ் மன்னர்களான நான்காம் பிலிப் 1309இலும் ஐந்தாம் பிலிப் 1318இலும் அத்தை பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்த ஐந்தாம் பிலிப் யார்? மஹோவின் மகளைக் கட்டியவர். அதுவும் போகட்டும், அவர் அரியணை ஏறியதே அண்ணன் பத்தாம் லூயியின் சிறு வயது மகளை ஒதுக்கிவிட்டுத்தான். அண்ணன் மகளுக்கு மகுடம் இல்லை, மாமியாருக்கு ஆர்த்துவா உண்டு! அரசுரிமை வேறு, பிரபுக்களின் நில வழக்கம் வேறு என்று சட்டம் படித்தவர்கள் சொல்லலாம். தோற்றவனுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்?

1328இல் ராபர்ட்டின் மனைவியுடைய அண்ணன் ஆறாம் பிலிப் மன்னரானார். மைத்துனர் ஆட்சி வந்த தைரியத்தில் வழக்கை மறுபடி கிளப்பினார் ராபர்ட். அப்புறம்தான் அந்தப் பத்திரங்கள் வந்தன. அவற்றைத் தயாரிக்க உதவிய ழான் த டிவியோன் என்ற பெண்ணை 1331இல் எரித்தே கொன்றார்கள். மறு வருடம் ராபர்ட் நாடு கடத்தப்பட்டார். இங்கிலாந்து மன்னர் அவருக்கு அடைக்கலம் தந்ததை, அந்த மன்னர் வசம் இருந்த தென்மேற்கு பிரான்சின் கியேன் பகுதியை 1337இல் பறிமுதல் செய்ய ஒரு காரணமாக ஆறாம் பிலிப் காட்டினார் என்பது சரி. ஆனால் கியேன் தகராறு ராபர்ட் பிறப்பதற்கு முன்பே இருந்தது. போரையே அவர் மூட்டிவிட்டதாக எழுதியிருப்பது கொஞ்சம் அதிகம்.

இந்தத் தொடரின் அடுத்த பகுதியிலாவது ஒரு வம்சாவளிப் படம் போடுங்கள். அத்தனை பிலிப்புகளையும் ழான்களையும் நினைவில் வைத்துக்கொள்ள என்னால் ஆகவில்லை.

- வாசகர் ஒருவர், மதுரை