மாமன் ஆரஞ்சு, மருமகன் மரூன்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள கேட்டி, காலேஜ் ஸ்டேஷன், ஆஸ்டின் ஊர்களின் நண்பர்களுக்கும் உறவினருக்கும்,

வணக்கம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் ஃபுட்பால் அணியில் இருந்த என் மகனின் பட்டமளிப்பு மே மாதம் முடிந்த கையோடு எழுதியிருக்க வேண்டிய மடல் இது. தனித்தனியே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலாவது ஆளிலேயே கை நின்றுவிட்டது. ஒருவர் செய்தது இன்னொருவர் செய்ததோடு பின்னிக் கிடக்கிறது. பிரித்து எடுக்க வரவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மகன் மூன்று நிபந்தனை போட்டிருக்கிறான்: "என் பேரைப் போடாதேம்மா, போட்டோ போடாதே, அழுது எழுதாதே." முதல் இரண்டையும் காப்பாற்றிவிடுவேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நாம் காலால் உதைக்கும் பந்து இல்லை. தலையிலும் தோளிலும் கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவதும், அவனை மற்றவர்கள் மோதி விழத்தட்டுவதும்தான் ஆட்டம். கோவில்பட்டியிலிருந்து என் மாமியார் ஒரு முறை வீடியோ காலில் பார்த்துவிட்டு, "இதுக்காம்மா பீஸ் கட்டி அனுப்புதீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. உண்மையிலேயே பீஸ் கட்டித்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

பெரிய பல்கலைக்கழக அணிகளில் 85 பேருக்கு மேல் ஸ்காலர்ஷிப் தரக்கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி இருந்தது. 1970களில் 105 ஆக இருந்த எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்து 1994இல் 85க்கு வந்து நின்றது. ஆனால் 85 பேரை மட்டும் வைத்து ஒரு அணி பயிற்சி நடத்த முடியாது. நூறு, நூற்றிருபது பேர் வேண்டும். அந்த மிச்சப் பேர்தான் வாக்-ஆன். விடிகாலையில் அதே எடை தூக்கல், மதியம் அதே பயிற்சி, அதே அடி. பீஸ் மட்டும் வீட்டிலிருந்து. 2014 வரை, மற்றவர்கள் சாப்பிடும் பயிற்சிச் சாப்பாட்டுக்கூடத்தில்கூட வாக்-ஆன் பிள்ளைகளுக்கு இலவசச் சாப்பாடு கிடையாதாம். அதைக் கேட்டபோது, நல்லவேளை என் பிள்ளை பிந்திப் பிறந்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

2021இல் அவன் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்கு வாக்-ஆனாகப் போகிறேன் என்று சொன்ன இரவு வீட்டில் சண்டை. என் கணவர் ஒரு பக்கம், நானும் அவனும் இன்னொரு பக்கம். அப்போது வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் அவனுடைய உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர். ஐயா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. நீங்கள் கனவு எதையும் விற்கவில்லை. ஜே.ஜே. வாட் கதையைச் சொன்னீர்கள். ஹூஸ்டன் தொழில்முறை அணியின் பழைய நட்சத்திரம்; இந்தப் பக்கம் யாருக்கும் அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. கையிலிருந்த ஸ்காலர்ஷிப்பை விட்டுவிட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வாக்-ஆனாகப் போனவர், நடுவில் வீடு வீடாகப் பீட்சா கொடுத்தவர். சொல்லி முடித்த உடனேயே, "இவன் ஜே.ஜே. வாட் இல்லை. பணம் வரவே வராது என்று வைத்துக்கொண்டு அனுப்ப முடியுமானால் அனுப்புங்கள்" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் கணவர் இறங்கிவந்தார்.

ஆஸ்டினில் இருக்கும் என் தம்பிக்கு இந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாக எழுத வேண்டியிருக்கிறது. அவன் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவன். வெந்த செங்கல் நிறத்து ஆரஞ்சுச் சட்டை, ஆட்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் கொம்பாக நீட்டுவது, காரின் பின்னால் காளைத்தலை என்று முழு வேஷமும் உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஏ அண்ட் எம்முக்கும் 1894 முதல் பங்காளிச் சண்டை. ஏ அண்ட் எம் மாணவர்கள் எதிரியின் பெயரைக்கூட ஒழுங்காக எழுதமாட்டார்கள். 'யூடி' என்ற சுருக்கத்தைச் சின்ன எழுத்தில் 'டீயூ' என்று தலைகீழாக்கித்தான் எழுதுவார்கள். ஆட்டத்தின்போது தோளோடு தோள் பிணைத்து, காளையின் கொம்பை ரம்பத்தால் அறுப்பதுபோல முன்னும் பின்னும் ஆடுவார்கள். ஒரு லட்சம் பேர் அப்படி ஆடும்போது அவர்களுடைய கைல் ஃபீல்டு மைதானத்தின் மேல்தளம் அதிர்வது காலில் தெரியும்.

இப்படிப்பட்டவன், மருமகன் அங்கேதான் சேருகிறான் என்றதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "அக்கா, முதல் வருஷ ஹாஸ்டல் பணம் என்னோடது. காது குத்துக்கு நான் வரலைல்ல, அந்தச் சீர்னு வச்சுக்கோ" என்றான். விசா சிக்கலில் வரமுடியாமல் போன காது குத்து அது. பதினேழு வருஷம் மனசில் வைத்திருந்திருக்கிறான். தாய்மாமன் சீராக ஹாஸ்டல் பில் கட்டிய குடும்பம் வேறு எங்காவது உண்டா தெரியவில்லை. அனுப்பும்போது குறிப்பில் 'எதிரி முகாமுக்கு நிவாரண நிதி' என்று எழுதியிருந்தான்.

2023 ஜனவரியில் என் கணவருக்கு வேலை போனது. வருஷத்துக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல் ஆகும் செலவு. என் ஒருத்தியின் சம்பளம். மகன் போனில், "டீமை விட்டுடறேன்மா, கிடங்குல ராத்திரி வேலை இருக்கு" என்றான். நானும் சரி என்றுதான் சொல்ல இருந்தேன். அந்த வாரம் குப்பைத்தொட்டியை வெளியே இழுத்து வைக்கும்போது எதிர்வீட்டு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். அவரும் அவர் கணவரும் பழைய லாங்ஹார்ன்ஸ், அதாவது என் தம்பியின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்; இலையுதிர் காலம் முழுக்க வாசலில் ஆரஞ்சுக் கொடி பறக்கும். நடந்ததைச் சொன்னேன். மாலை ஏழு மணிக்கு மூக்குக்கண்ணாடியும் மடிக்கணினியுமாக வந்துவிட்டார். வேலை போனால் நிதியுதவி அலுவலகத்தில் மறுபரிசீலனை கேட்கலாம், ஃபாஃப்சா என்ற நிதியுதவி விண்ணப்பத்தில் காட்டிய பழைய வருமானத்தை அப்படியே வைத்துக் கணக்குப் போடத் தேவையில்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. எந்தக் கடிதம், எந்தச் சான்று, எந்த வரிசையில் என்று மூன்று இரவு எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சரிசெய்தார். முழுப் பணமும் வரவில்லை. அவன் டீமை விடாமல் இருக்கும் அளவுக்கு வந்தது.

அம்மா, இதை என் மகன் உங்களுக்கு ஆங்கிலத்தில் படித்துக் காட்டுவான். மூன்றாம் இரவு கிளம்பும்போது வாசலில் நின்று 1999 பற்றிச் சொன்னீர்களே, அதை நான் மறக்கவில்லை. ஆட்டத்துக்கு முன் கொளுத்துவதற்காக ஏ அண்ட் எம் பிள்ளைகள் அடுக்கிய பெரிய மரக்குவியல் நவம்பர் 18 விடியற்காலையில் சரிந்து 12 பேர் இறந்துபோனதும், அடுத்த வாரம் நடந்த ஆட்டத்தின் இடைவேளையில் உங்கள் பல்கலைக்கழகத்து பேண்டு வாத்தியக்காரர்கள் தொப்பியைக் கழற்றி நின்றதும். "அது தெரியாதவர்களுக்கு இந்த ஆட்டம் வெறும் கூச்சல்தான்" என்றீர்கள்.

காலேஜ் ஸ்டேஷனில் பிஎச்.டி. படித்துக்கொண்டிருந்த அந்தத் தம்பதிக்கு நான் என்ன எழுத? ஞாயிறுதோறும் ரசம், தயிர்சாதம். நீங்கள் சுத்த சைவம். எங்கள் பையனுக்கோ ஒரு வேளைக்கு ஆறு முட்டை. அவனுக்காகத் தனியாக ஒரு வாணலி வாங்கி, பால்கனியில் மின் அடுப்பு வைத்து, அவனையே பொரித்துக்கொள்ளச் சொன்னீர்களாம். அந்த வாணலியை இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். என்னைத் தொடவிடமாட்டான்.

இனி அந்தப் போன் கால். 2024 ஆகஸ்ட், இரவு மணி ஒன்பதே முக்கால். கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, இந்த செமஸ்டர் பீஸ் கட்டாதே" என்றான். படிப்பையே விட்டுவிட்டானோ என்று எனக்குக் குலை நடுங்கியது. "எவ்வளவு பாக்கிடா, நாங்க பாத்துக்கறோம்" என்று நான் பேசிக்கொண்டே போக, அவன் நடுவில், "இல்லம்மா, ஸ்காலர்ஷிப். மீட்டிங்ல என் பேரைச் சொன்னாங்க" என்றான். மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். (மூன்றாவது நிபந்தனை இங்கேதான் போனது.)

ஸ்காலர்ஷிப்பில் இருந்த ஒருவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினாலோ, இடம் நிரம்பாமல் போனாலோ, 85இல் மிஞ்சியதை மூத்த வாக்-ஆன் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அப்போதைய வழக்கம். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான். மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வருஷம் பீஸ், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில் அடக்கம். அவன் பெயரைச் சொன்னதும் அறையிலிருந்த அத்தனை பேரும் அவன்மேல் பாய்ந்து விழுந்தார்களாம். நாலு வருஷத்தில் வாங்கியதிலேயே பெரிய அடி அதுதான் என்கிறான். பாய்ந்து விழுந்த பிள்ளைகளுக்கும் நன்றி. என் பிள்ளையின் விலா எலும்பு இன்னும் நல்லபடியாக இருக்கிறது.

அந்த நவம்பரில்தான் பங்காளி திரும்பி வந்தான். 2011இல் கடைசி நொடி ஃபீல்டு கோலில் 27க்கு 25 என்று தோற்றதோடு ஏ அண்ட் எம் வேறு லீக்குக்குப் போய்விட, பதின்மூன்று வருஷம் ஆட்டமே இல்லை. 2024இல் டெக்சஸும் அதே எஸ்.இ.சி. லீக்குக்கு வந்தது, நவம்பர் 30 என்று தேதி விழுந்தது.

வாக்-ஆன் பிள்ளைகளின் முக்கியமான வேலை, பயிற்சியில் எதிரணிபோல நடிப்பது. எதிரி எப்படி ஓடுவான், எங்கே திரும்புவான் என்று படம் பார்த்துப் படித்து அப்படியே ஆடிக்காட்ட வேண்டும். ஆக, ஊரே காளையைத் திட்டிக்கொண்டிருந்த அந்த வாரம் முழுக்க என் மகன்தான் காளை. இதைக் கேள்விப்பட்ட என் தம்பி, "கடைசியில மாமன் ரத்தம்டா" என்று அவனுக்குச் செய்தி அனுப்பினான்.

ஆட்டக்காரர்களின் குடும்பத்துக்குத் தரும் நாலு டிக்கெட்டில் நான், கணவர், தம்பி, தம்பி மனைவி. ஏ அண்ட் எம்மின் நிறமான மரூன் உடுத்திய பெற்றோர் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு ஆரஞ்சுச் சட்டை. பக்கத்தில் இருந்தவர்கள் அவனுக்கும் சேர்த்து நாச்சோஸ் வாங்கிக்கொடுத்தார்கள், அவர்களுக்கும் நன்றி. அங்கே யாரும் உட்காரமாட்டார்கள். 1922 ஜனவரி 2, டாலஸில் நடந்த ஆட்டத்தில் ஏ அண்ட் எம் ஆட்டக்காரர்கள் வரிசையாக அடிபட்டு விழ, மேலே பத்திரிகையாளருக்கு உதவிக்கொண்டிருந்த கிங் கில் என்ற மாணவனைப் பயிற்சியாளர் கீழே கூப்பிட்டார். அடிபட்டவனின் சீருடையை மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை ஓரத்தில் தயாராக நின்றான் கில். 22க்கு 14 என்று ஜெயித்தார்கள். அவன் இறங்க வேண்டிய தேவை வரவில்லை. இறங்காமல் நின்ற அவனுக்குத்தான் மைதானத்துக்கு வெளியே சிலை. 'பன்னிரண்டாவது ஆள்' என்று சொல்லித்தான் இன்றும் மாணவர் கூட்டம் முழு ஆட்டமும் நிற்கிறது. ஒரு வாக்-ஆன் பிள்ளைக்கு 12ஆம் எண் சட்டையும் உண்டு.

தோற்றோம். 17க்கு 7. எங்கள் பக்கத்து ஒரே டச்டவுன், வில் லீ எதிரியின் பந்தை இடைமறித்து 93 யார்டு ஓடியது. அந்தச் சில நொடிகள் என் தம்பிகூட வாயைப் பிளந்து பார்த்தான், பிறகு மறுத்துவிட்டான். என் மகன் அன்று களத்தில் இறங்கவே இல்லை. நாலு வருஷத்தில் மொத்தம் ஏழு முறைதான் இறங்கியிருக்கிறான். ஆட்டம் முடிந்து வெளியே வந்தவனை என் தம்பி கட்டிப்பிடித்து, "நீ நடிச்ச காளை எங்க காளையைவிட நல்லா இருந்திருக்கும் போல, அதான் எங்களை 17லயே நிறுத்திட்டாங்க" என்றான். ஏழு முறைக்கா இத்தனை பாடு என்று உங்களில் ஒருவரும் இதுவரை கேட்கவில்லை. அதற்குத்தான் இந்த மடலே.

இப்போது விதி மாறியிருக்கிறது. ஹவுஸ் என்ற ஆட்டக்காரர் பெயரில் என்.சி.ஏ.ஏ. மீது நடந்த வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி ஒப்புதல் தந்த சமரசத்தின்படி ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணியில் மொத்தமே 105 பேர் என்று வந்துவிட்டது. ஆட்டக்காரர்களுக்குப் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். அது நியாயம்தான்; எத்தனை கோடி புரளும் ஆட்டம். ஆனால் நூற்றாறாவது பையன் எங்கே போவான் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. ஏற்கெனவே அணியில் இருந்து, இந்த வரம்பால் இடம் போனவர்களுக்கு விலக்கு உண்டாம். இனிமேல் வரப்போகிறவர்களுக்கு இல்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பொடியன் இருக்கிறான், பள்ளிக்கூடத்தில் நாலாவது வரிசை ஆள். பயிற்சியாளர் ஐயா, அவன் வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சாப்பாடு. சைவம், அசைவம் இரண்டும் உண்டு. முட்டை தனி வாணலியில். யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம். இனிப்புக்குக் கேசரி என்றுதான் முதலில் சொல்லியிருந்தேன். அது என்ன நிறம் என்று மகன் கேட்டான். பீட்ரூட் அல்வாவாக மாற்றிவிட்டேன். தம்பிக்கும் எதிர்வீட்டு அம்மாவுக்கும் மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் கேசரி எடுத்து வைக்கிறேன். பின்பக்கக் கதவு வழியாக வந்து வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
12ஆம் எண் சட்டை ஒரு நாளும் கிடைக்காத பையனின் அம்மா
கேட்டி, டெக்சஸ்