மீற்றர் காட்டிய 265 வோல்ற்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு கிழமைகளுக்கு முன் தங்கள் மாணவர் பக்கத்தில், கதிர்வீச்சை எண்ணும் கருவியான பழைய கைகர் எண்ணியைத் திருத்தி இயக்குவது பற்றி வந்த செய்முறையை என் பேரன் கத்தரித்து மேசையில் வைத்திருந்தான். தமிழில் இப்படி ஒன்று அச்சாகி நான் கண்டு வெகு காலம். எழுதியவருக்கு என் நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவது முறைப்பாடு.

கதிர்வீச்சை உணரும் குழாயின் நேர்முனையில் மல்டிமீற்றரை வைத்து, 400 வோல்ற் காட்டும் வரை மின்னழுத்தத் திருகைக் கூட்டச் சொல்கிறது அந்தச் செய்முறை. அந்த ஒரு வரியை நம்பிப் பிள்ளைகள் செய்தால் குழாய் போய்விடும். எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அப்படி ஒன்றைக் கொன்றவன். பாடசாலை பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் உதவியாளராக முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வுபெற்ற புதிதில், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தோடு செய்தேன். குழாய் முதலில் தகரக் கூரையில் மழை விழுவதுபோல் டிக் டிக் என்று பொழிந்தது. பின் ஒரேயடியாக அடங்கிவிட்டது. தபாலில் வந்து சேர இரண்டு மாதம் எடுத்த சாமான், இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சோவியத் காலத்து எஸ்பிஎம்-20 குழாயை எடுத்துக்கொள்வோம். இன்று கைக்கு எட்டுவது பெரும்பாலும் அதுதான். அதன் நேர்முனைக்கு முன்னால் 5.1 மெகா ஓம் தடை ஒன்று நிற்கும். நல்ல மல்டிமீற்றரின் உட்தடை 10 மெகா ஓம். தடைக்கு அப்பால் மீற்றரை வைத்தால் அழுத்தம் இரண்டுக்கும் பங்கு போகும். உள்ளே சரியாக 400 வோல்ற் இருக்கையிலேயே மீற்றர் 265 என்று காட்டும். குறைகிறதே என்று பிள்ளை திருகைக் கூட்டுவான். 400 என்று காட்டியதும் மகிழ்ச்சியோடு மீற்றரை எடுப்பான். அந்தக் கணத்தில் குழாயின் மேல் ஏறுவது 604 வோல்ற். அந்தக் குழாய் வேலை செய்யும் எல்லையோ 350 முதல் 475 வரைதான். மலிவு மீற்றர்கள் சிலவற்றின் உட்தடை 1 மெகா ஓம். அவை 400ஐ 66 என்று காட்டும். இன்னொன்று: இந்தச் சிறிய மின்வழங்கிகள் சில பத்து மைக்ரோ அம்பியருக்கு மேல் தரமாட்டா. 10 மெகா ஓம் மீற்றரோ 400 வோல்ற்றில் தனியே 40 மைக்ரோ அம்பியரை உறிஞ்சும். ஆகவே நான் சொன்ன 604 கூட மின்வழங்கி தளராது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குத்தான்.

இதற்குப் பரிகாரம் சில ரூபாய்தான். 10 மெகா ஓம் தடைகள் பத்தை வரிசையாகப் பற்றாசு வைத்து இணைத்து, ஒரு பிளாஸ்டிக் பேனைக் குழலுக்குள் நுழைத்து, 10 மெகா ஓம் மீற்றரின் முன்னால் போடுங்கள். மீற்றர் இப்போது பதினொன்றில் ஒரு பங்கைக் காட்டும், 36.4 கண்டால் உள்ளே 400. அளப்பதை 5.1 மெகா ஓம் தடைக்கு முன்னால், மின்வழங்கியின் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். பத்துக்குப் பதிலாக ஒரே ஒரு பெரிய தடை போதாதா என்று பேரன் கேட்டான். சாதாரண கால் வாற் தடை பெரும்பாலும் 250 வோல்ற்றுக்குத்தான் செய்யப்பட்டது. பத்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் மேலும் நாற்பது வோல்ற்கூட வராது.

அடுத்தது அழுத்தத்தைச் சீராக்குவது. அழுத்தத்தை ஓர் அளவில் பிடித்து நிறுத்தும் நூறு வோல்ற் செனர் டயோட் நான்கை அடுக்கினால் போதும் என்கிறது செய்முறை. பாதி உண்மை. 100 என்று எழுதிய வழமையான ஒரு வாற் செனர், 2.5 மில்லி அம்பியர் ஓடும்போதுதான் 100. நம்மிடம் இருப்பது அதில் எண்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய ஓட்டத்தில் அழுத்தம் எழுதிய இடத்தில் நிற்காது, இரைச்சலும் சேரும். வெப்பத்தால் நகர்வது எனக்குப் பெரிய கவலை இல்லை. பாகை ஒன்றுக்கு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்தாலும் கொழும்பில் பகலுக்கும் இரவுக்கும் இடையே அது மூன்று நான்கு வோல்ற்றுக்கு மேல் போகாது. எஸ்பிஎம்-20 இல் 10 வோல்ற் நகர்ந்தால் எண்ணிக்கை நூறில் ஒன்றுதான் மாறும். அழுத்தம் நகர்ந்தாலும் எண்ணிக்கை அதிகம் மாறாத அந்தச் சமவெளி நம்மைப் பலமுறை மன்னிக்கும்.

மன்னிக்காதது பற்றரி. சீராக்கி இல்லாத பழைய கருவியில் பற்றரி தளரத் தளர உயர் அழுத்தமும் கூடவே இறங்கும். 1.5 வோல்ற் பற்றரி 0.9க்கு வரும்போது 400 என்பது 240 ஆகும். இந்தக் குழாய் எண்ணத் தொடங்குவதற்கே குறைந்தது 260 வேண்டும். கருவி அப்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த மௌனத்தைக் கதிர்வீச்சு இல்லை என்று படித்துவிட்டால் என்ன ஆவது?

நான் கடைசியில் நிலைத்த சுற்று இது. உயர் அழுத்தத்தை 100 மெகா ஓமும் (அதே பத்துத் தடைகள்) 620 கிலோ ஓமும் பங்கிடுகின்றன. கீழ்த் தடையோடு 20 கிலோ ஓம் திருகு ஒன்று. அந்தப் பங்கை, மாறாத 2.5 வோல்ற் ஆதாரம் ஒன்றோடு, சிறு மின்னோட்டத்தில் ஓடும் ஐசி ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. குறைந்தால், உயர் அழுத்தத்தை உண்டாக்கும் அலையாக்கியை ஓடவிடும், எட்டியதும் நிறுத்தும். திருகின் முழு வீச்சும் 393 முதல் 406 வரைதான். எந்தப் பிள்ளை திருகினாலும் 604க்குப் போக வழியில்லை. மேல் தடைகளில் ஒரு பற்றாசு விட்டுப்போனால் மட்டும் சுற்று குருடாகி ஏறத் தொடங்கும். அதற்குத்தான் அந்த நான்கு செனர்கள். அவற்றோடு 51 வோல்ற் ஒன்றைச் சேர்த்துக் காவலுக்கு நிறுத்தினேன்.

முதல் நாள் இதை இயக்கியபோது குழாயைக் கழற்றி வைத்திருந்தும் கருவி டிக், டிக் என்று எண்ணியது. மனைவி எட்டிப் பார்த்து, வீட்டில் பேய் இருக்கிறதா என்று கேட்டாள். அலையாக்கி ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் எழும் சிறு துள்ளலை எண்ணும் பகுதி துடிப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. 1 மெகா ஓமும், ஆயிரம் வோல்ற் தாங்கும் 4.7 நானோபரட் கொள்ளளவியும் கொண்ட வடிகட்டி ஒன்றைப் போட்டதும் பேய் போய்விட்டது. கொள்ளளவியை வெறும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். சுற்றை நிறுத்திய பிறகும் கடிக்கும்.

வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்லாத ஒன்றை இனிச் சொல்ல வேண்டும். அவர்கள் அழுத்தத்தைப் பங்கிடும் மேல் தடையாக 1 கிகா ஓம் (ஆயிரம் மெகா ஓம்) போடுகிறார்கள். நானும் முதலில் அதைத்தான் போட்டேன். என் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருக்கிறது. யன்னல் கொண்டிகூட ஒரு வருடத்தில் துருப்பிடிக்கும். காலையில் 400 இல் நிறுத்திய சுற்று, ஐப்பசி மாத மாலை மழைக்குப் பிறகு 440க்கு ஏறி நின்றது. சுற்றுப்பலகையில் பற்றாசுப் பிசின் படிந்திருந்தது. அதன் மேல் உப்புக் காற்றின் ஈரம், என் விரல் ரேகை. அந்த அழுக்குப் படலமே ஒரு தடை ஆகிவிடுகிறது. கீழ்த் தடையின் குறுக்கே அது படிந்தால் சுற்று தான் குறைவாக இருப்பதாக எண்ணி அழுத்தத்தை ஏற்றும். மேல் தடையின் குறுக்கே படிந்தால் இறக்கும். எது நடக்கும் என்பது அன்றைய மழையைப் பொறுத்தது. 100 மெகா ஓமுக்கு இறங்கினேன். அதற்காக உயர் அழுத்தப் பக்கம் ஓயாமல் தர வேண்டிய 4 மைக்ரோ அம்பியரைப் பொறுத்துக்கொண்டேன். பலகையை ஐசோபுரப்பைல் அற்ககோலால் கழுவி, வெயிலில் காயவைத்து, மகளின் நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு தரம் பூசினேன். மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது, திருகைத் தொடவில்லை.

இன்னும் ஒரு திருத்தம். எல்லாப் பழைய கருவிக்கும் 400 என்று செய்முறையை எழுதியவர் சொல்லியிருக்கிறார். என் மைத்துனர் கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்த அமெரிக்க மஞ்சள் பெட்டி, சிடிவி-700, 900 வோல்ற்றுக்கு அருகே வேலை செய்வது. குழாயின் பெயரைப் பார்க்காமல் ஒரு வோல்ற்கூடக் கொடுக்கக் கூடாது.

பேருவளையில் கதிர்வீசும் தோரியம் கலந்த மொனசைட் மணல் இருக்கும் நாட்டில், ஆனந்த குமாரசுவாமி 1904 இல் பலாங்கொடைப் பக்கம் தோரியனைற் என்ற தோரியக் கனிமத்தைக் கண்டெடுத்த நாட்டில், பிள்ளைகள் இந்தக் கருவியை ஆசையோடு கையில் எடுப்பதில் வியப்பில்லை. குமாரசுவாமி கண்டெடுத்தபோது கைகரும் முல்லரும் அந்தக் குழாயைச் செய்யவே இல்லை. அது 1928 இல் வந்தது.

வரும் மாணவர் பக்கத்தில் அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 10 மெகா ஓம் தடை அநேகமாகக் கிடைக்கும். கிடைக்காத பிள்ளைகள் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினால், அளவெடுக்கும் பேனைக் குழல்கள் ஆறு என்னிடம் ஆயத்தமாக இருக்கின்றன. முத்திரை ஒட்டிய உறையும் வைத்து எழுதச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.