டைனம் தேவாலயக் கதவில் ஒரு கடதாசி

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்ப குறைவு. போன சனிக்கிழமை இரண்டு பேருமாக தென் இங்கிலாந்தில் டோர்செட் கடற்கரைப் பக்கம் டைனம் என்ற ஊருக்குப் போய் வந்தோம். ஊர் என்று சொல்கிறேன். 1943 மார்கழிக்குப் பிறகு அங்கே குடியிருப்பு இல்லை.

அந்தக் கார்த்திகையில் வீடு வீடாகக் கடிதம் வந்திருக்கிறது. படைகள் சுட்டுப் பழக இடம் வேண்டும், நத்தாருக்கு முன் வெளிக்கிடுங்கள் என்று. தவணை ஒரு மாதம். 225 பேரளவில் போனார்கள். அநேகம் பேர் குத்தகைக் குடிகள். அதனால் தோட்டத்தில் நின்ற மரக்கறிக்கு மட்டும்தான் நட்டஈடு. அதைக் கேட்டதும் அம்மா பேசாமல் நின்றா.

வீடுகளுக்குக் கூரையில்லை. புனித மரியாள் தேவாலயம் மட்டும் முழுசாக நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தொடங்கின கட்டடம். பக்கத்தில் பள்ளிக்கூடம். பிள்ளைகள் குறைந்து 1932இலேயே மூடிவிட்டார்கள். கோட் கொழுவும் கொளுக்கிகளில் இன்னும் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன், தொடவில்லை.

போகும்போது தேவாலயக் கதவில் ஒரு கடதாசி குத்திவிட்டுப் போனார்களாம். வரப்போகிற படையினருக்கு எழுதினது. கோயிலையும் வீடுகளையும் பத்திரமாகப் பாருங்கள், தலைமுறையாக இருந்த வீடுகளை யுத்தம் வெல்ல வேண்டுமென்று விட்டுத்தருகிறோம், ஒருநாள் திரும்பி வருவோம், ஊரை அன்பாக வைத்திருந்ததற்கு உங்களுக்கு நன்றி என்று. கோபமாக ஒரு சொல் இல்லை. 1945இல் யுத்தம் முடிந்தது. 1948இல் அந்த நிலத்தை அரசு கட்டாயமாக வாங்கிக்கொண்டது. அந்தச் சனம் திரும்பிக் குடியேறவே இல்லை.

யாழ்ப்பாணத்தில், மயிலிட்டியில் இருந்த அப்பம்மாவின் வீட்டுத் திறப்பை ஏன் இன்னும் வைத்திருக்கிறீங்கள் என்று போன மாதம் கேட்டாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை. 1990 ஆனியில் யுத்தத்தால் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று, நாங்கள் ஒழுங்கையில் நின்று கூப்பிடக் கூப்பிட, அப்பம்மா முற்றம் கூட்டினா. கிணற்றுக் கயிற்றைச் சுருட்டிக் கொழுவினா. பிறகுதான் பூட்டினா. அன்றைக்கு எனக்கு எரிச்சல். அவவுக்கு எழுதத் தெரியாது. அந்த முற்றம்தான் அவ விட்டுப்போன கடதாசி என்று சனிக்கிழமை அந்தக் கதவடியில் நிற்கும்போதுதான் விளங்கினது.

ஆவணியில் வரும்போது உன்னையும் டைனத்துக்குக் கூட்டிப்போகிறேன். சனி ஞாயிறுகளில் பெரும்பாலும் திறந்திருக்கும். சூட்டுப் பயிற்சி நாளில் சிவப்புக் கொடி ஏற்றிப் பாதையை மூடிவிடுவார்கள். திறப்பு அலுமாரியின் இரண்டாம் தட்டில், நீலத் துணியில் சுற்றியிருக்கிறது.

அன்புடன்,
அப்பா