மீன் விற்ற ரசீது கேட்கிறீர்கள், நான் மீன் விற்பவன் அல்ல

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர், காப்பீட்டு நிறுவனம்
பொருள்: எண்ணெய்க் கசிவால் ஏற்பட்ட தொழில் முடக்க இழப்புக்கான கிளெய்மை நிராகரித்தது தொடர்பான புகார்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஒன்பது வருடமாக ஒரு தவணை தவறாமல் உங்களிடம் பிரீமியம் கட்டிவருகிறேன். இரண்டு படகுகள் வைத்திருக்கிறேன். தூண்டில் போட ஆசைப்படுபவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் என் தொழில். சரக்குக் கப்பல் ஒன்றின் எரிபொருள் தொட்டி உடைந்து எண்ணெய் கடலில் கலந்ததால், எங்கள் பகுதியில் 46 நாள் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். அந்த இழப்பை ஈடுசெய்யக் கேட்டதற்கு, நிராகரிப்புக் கடிதம் போன வாரம் வந்தது. அதில் இரண்டே காரணங்கள். படகுகளுக்குச் சேதம் இல்லையாம். மீன் விற்ற ரசீதுகளை நான் கொடுக்கவில்லையாம்.

இரண்டாவது காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். கிளெய்ம் படிவத்தை முதல் முறை நிரப்பும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. மாதம் எத்தனை கிலோ பிடித்தீர்கள், எந்த ஏலக்கூடத்தில் விற்றீர்கள், கிலோ என்ன விலைக்குப் போனது என்று வரிசையாகக் கேள்விகள். உங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்து, "நாங்க மீன் விக்கறதில்லைங்க, ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறோம்" என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், தோராயமா எத்தனை கிலோன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் முன்னால் இருந்த திரையில் அந்தக் கட்டம்தான் இருந்திருக்கும்.

என் படகில் ஏறுகிறவர் பணம் கொடுப்பது மீனுக்கு அல்ல. விடிவதற்கு முன் கிளம்பி, தூண்டிலில் ஒன்று மாட்டி இழுக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் கொடுக்கிறார். பாதிப் பேர் படம் எடுத்துக்கொண்டு மீனைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். எங்கள் வரவுக்குச் சாட்சி முன்பதிவுப் பதிவேடும் வங்கிக் கணக்கும்தான். அதனால்தான் மூன்று வருடப் பதிவேட்டின் நகலையும், தடைக்காலத்தில் ரத்தான 31 பயணங்களுக்கு முன்பணம் திருப்பிக் கொடுத்த விவரத்தையும் அனுப்பினேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. ஒவ்வொரு முறையும் 'ஆவணம் முழுமையாக இல்லை' என்ற அதே பதில். பாலிசி எடுத்தபோது தொழிலின் பெயர் என்ற இடத்தில் 'பொழுதுபோக்கு மீன்பிடிப் படகுச் சேவை' என்று எழுதிக்கொண்டது உங்கள் முகவர்தான். பிரீமியம் வாங்கும்போது புரிந்த தொழில், இழப்பீடு கேட்கும்போது புரியவில்லையா?

அடுத்தது, படகுக்குச் சேதம் இல்லை என்ற காரணம். உங்கள் சர்வேயர் ஒன்பதாவது வாரம்தான் வந்தார். படகைச் சுற்றி வந்து, அடிப்பகுதியைக் கையால் தடவிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது. கசிவுச் செய்தி கேட்ட அன்று மாலையே, ஆள் பிடித்து இரண்டு படகையும் கரையேற்றியது நான்தான். தண்ணீரிலேயே விட்டிருந்தால் எண்ணெய் அடிப்பகுதி முழுக்க அப்பியிருக்கும். ஓட்டியிருந்தால், இன்ஜினைக் குளிர்விக்க உறிஞ்சும் கடல் நீரோடு அதுவும் உள்ளே போயிருக்கும். இழப்பைக் குறைக்கப் பாலிசிதாரர் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் பாலிசியே சொல்கிறது. செய்தேன். அதையே காரணமாக்கி என்னை வெறுங்கையோடு அனுப்பப் பார்க்கிறீர்கள். படகை நாசமாக விட்டிருந்தால் பணம் கிடைத்திருக்கும் போலிருக்கிறது.

அது மட்டுமல்ல. அரசு உத்தரவால் தொழில் செய்யும் இடத்துக்குப் போக முடியாமல் போனால் வருமான இழப்பைத் தருவதாக, கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு ஒரு இணைப்புச் சேர்த்தீர்கள். அதில் படகு சேதமாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தடை உத்தரவின் நகல் என் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. உங்கள் நிராகரிப்புக் கடிதத்தில் அந்த இணைப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படித்துவிட்டு மறுத்தீர்களா, படிக்காமலே மறுத்தீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பொருள் சேதமாகாமலேயே தொழில் படுத்துவிடும் என்பது எண்ணெய்க் கசிவு விஷயத்தில் புதிதல்ல. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளைமேடை வெடித்து, 87 நாள் கடலுக்குள் எண்ணெய் கொட்டியது. அங்கே அமெரிக்க மத்திய அரசின் கீழ் உள்ள கடற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரு கட்டத்தில் மீன்பிடிக்கத் தடை இருந்தது. இழப்பீட்டுக்கென்று 2,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மீன் பிடித்து விற்பவர்கள் மட்டும் அதிலிருந்து வாங்கவில்லை. என்னைப்போல் ஆட்களைக் கூட்டிப்போகும் படகுக்காரர்களும் விடுதிக்காரர்களும் வாங்கினார்கள்.

எனக்குக் கொடுத்தால் அந்தப் பணம் உங்கள் கையை விட்டே போய்விடும் என்றும் இல்லை. கொடுத்த தொகையைக் கப்பல் தரப்பிடம் என் இடத்தில் நின்று கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கப்பலின் எரிபொருள் எண்ணெய் மாசுக்கென்றே 2001இல் ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்து, 2008 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி 1,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் காப்பீடு வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அந்தக் காப்பீட்டாளரிடமே நேரடியாகவும் கேட்கலாம். ஆனால் சேதம் நடந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். உங்களைப் போன்ற பெரிய நிறுவனத்துக்கு அதற்கென்று வழக்கறிஞர்கள் இருப்பார்கள். இரண்டு படகுக்காரன் தனியாகப் போய் எந்தக் கதவைத் தட்டுவது?

தடை நீங்கிய மறுநாளே ஆட்கள் வந்து நின்றுவிடவும் இல்லை. 'மீனில் எண்ணெய் வாடை அடிக்குமா?' என்று போன் செய்து கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். பரிசோதனை முடிந்துதான் திறந்தார்கள் என்று சொன்னாலும் நம்பிக்கை சட்டென்று திரும்புவதில்லை. இதற்கிடையில் படகுக் கடனுக்கான தவணை, துறையில் நிறுத்தக் கட்டணம், இரண்டு உதவியாளர்களின் சம்பளம் எதுவும் நிற்கவில்லை. ஒருவர் போன மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டார். கடலும் தெரிந்து, வருகிறவர்களிடம் இதமாகப் பேசவும் தெரிந்த ஆள் லேசில் கிடைக்கமாட்டார்.

எனவே, நிராகரிப்பை ரத்து செய்து, அந்தக் கூடுதல் இணைப்பின் அடிப்படையில் கிளெய்மை மறுபடி பரிசீலிக்க வேண்டுகிறேன். வரவைக் கணக்கிட முன்பதிவுப் பதிவேட்டையும் வங்கிக் கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். தடைக்காலத்துக்கு உரிய தொகை பற்றி உங்களுக்கு மறுப்பில்லை என்றால் அதை முன்பணமாக விடுவியுங்கள், மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். மறுபடியும் மறுப்பதாக இருந்தால், பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் தாருங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவேன்.

பதிவேட்டு நகல்களை நான்காவது முறையாக இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர்