சுவருக்கு இந்தப் பக்கம் நில், அம்மிணி

அம்மிணிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

போனில் பேசினால் "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதி, தம்பியிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். முழுவதையும் படி.

போன மாதம் நீ அனுப்பின சம்பரா முனைப் படங்களைத் தம்பி டிவியில் போட்டுக் காட்டினான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் இருக்கிற ஷெட்லாண்டில், பெரிய தீவின் தென்கோடி அதுதானாமே. மூன்று பக்கமும் கடல், பாறை செங்குத்தாக இறங்குகிறது, மேலே வெள்ளைக் கலங்கரை விளக்கம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் புல், மரம் ஒன்றுகூடக் காணோம். "நிழலுக்கு எங்கே ஒதுங்குவாள்?" என்று உன் அம்மா கேட்டாள். அந்த ஊரில் நிழல் யாருக்கு வேண்டும் என்றேன். பஃபின் பறவையையும் நன்றாகவே பார்த்தேன். காலும் அலகும் செம்மஞ்சள், அலகில் குறுக்கே ஏழெட்டு மீன், தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. முதலில் பிடித்ததைக் கீழே விடாமல் அடுத்ததை எப்படிப் பிடிக்குமோ தெரியவில்லை. கெட்டிக்காரப் பறவைதான்.

அப்புறம் அந்தக் கல் சுவரையும் பார்த்தேன். சாந்து இல்லாமல் அடுக்கின சுவர், பாறை ஓரமாகவே போகிறது. முதலில் வந்த படங்களில் சுவரின் தலைக்கல் கீழே தெரிகிறது, அதைத் தாண்டிப் பறவை. சரி, உள்ளே நின்று எடுத்திருக்கிறாய். கடைசியாக வந்த படங்களில் பறவைக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் விளக்கு. அப்படியானால் நீ எங்கே நின்றாய்? வேலி பார்த்தே வயசான ஆள் நான். கிளுவை வேலிக்கு எந்தப் பக்கம் ஆடு நிற்கிறது என்று ஒரு பர்லாங்குக்கு அப்பாலிருந்தே சொல்லிவிடுவேன். தம்பியிடம் கேட்டதற்கு, "ஜூம் பண்ணியிருப்பா, அப்பா" என்றான். அவனுக்கு என்ன தெரியும்.

புல் தரையைக் குடைந்து வளை போட்டுத்தான் பஃபின் ஒற்றை முட்டை இடும் என்று நீதான் எழுதினாய். அப்படியென்றால் அந்த ஓரம் முழுக்க உள்ளே பொந்து. மேலே புல் பச்சையாகத் தெரியும், காலை வைத்தால் உள்வாங்கும். மழையில் ஊறின மண் இன்னும் மோசம். நம் ஊர்க் கிணற்று மேடு ஐப்பசி மழையில் எப்படிச் சரியும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவர் கட்டினவன் பைத்தியக்காரன் இல்லை அம்மிணி. அவன் விட்ட இடத்துக்கு அப்பால் போகாதே.

காற்றையும் யோசித்துப் பார். 1993 ஜனவரியில் பிரேயர் என்ற எண்ணெய்க் கப்பல் எஞ்சின் நின்றுபோய், அந்த முனைக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற கார்த்ஸ் நெஸ் பாறையில் போய் மோதியதாமே. சுமார் 85,000 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. பிறகு அதே புயல்தான் எண்ணெயை அடித்துக் கலைத்துவிட்டது என்றும் தம்பி படித்துச் சொன்னான். (நொய்யலில் சாயத்தண்ணி விட்ட காலத்தில் அப்படி ஒரு புயல் நமக்கு வாய்க்கவில்லை.) அவ்வளவு பெரிய கப்பலையே தள்ளின காற்று. நீ ஐம்பது கிலோகூட இருக்க மாட்டாய், போன தடவை வீடியோவில் பார்த்தபோது இன்னும் இளைத்திருந்தாய். தாராபுரம் பக்கம் காற்றாலைகள் இப்போது விடாமல் சுற்றுகின்றன, ஆடிக்காற்று. உங்கள் ஊரிலும் 103 காற்றாலை போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். காற்று இல்லாத இடத்தில் யாராவது போடுவார்களா?

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது அந்த கில்லிமாட் பறவை சமாசாரம். கூடு கட்டாது, வெறும் பாறைத் திட்டில் ஒரு முட்டை. குஞ்சுக்கு மூன்று வாரம் போல ஆனதும், பறக்கப் பழகும் முன்பே, பொழுது மங்கும் நேரத்தில் திட்டிலிருந்து கடலுக்குக் குதித்துவிடுகிறது. கீழே தண்ணீரில் அப்பன் பறவை சத்தம் போட்டுக் கூப்பிடும், குஞ்சும் பதில் சத்தம் கொடுத்துக்கொண்டே விழும். அதன் பிறகு வாரக்கணக்கில் அப்பனும் பிள்ளையும் நடுக்கடலில், அப்பன்தான் மீன் பிடித்து ஊட்டும் என்று எழுதியிருந்தாய். எழுதினது நன்றாகத்தான் இருந்தது. தம்பி சம்சாரம் இரண்டு தடவை படித்தாள். குண்டடம் சந்தையில் ஆடு பார்க்க வந்தவர்களிடம்கூட நான் சொன்னேன், என் மகள் இப்படி எல்லாம் பார்த்து எழுதுகிறாள் என்று. ஆனால் ராத்திரி பத்தரை மணிக்குமேல் அங்கே நின்று பார்த்ததாக எழுதினாயே, கூட யார் இருந்தார்கள் என்று எழுதவில்லை. முன்பெல்லாம் கூட வந்தவர்கள் பெயர், யார் கார் ஓட்டினார்கள், யாருக்கு வாந்தி வந்தது என்று எல்லாம் எழுதுவாய். விளக்கும் 1991-லேயே தானாக எரிகிற மாதிரி ஆகிவிட்டது, பழையபடி ராத்திரியில் முழித்திருக்கிற விளக்குக்காரர் இல்லை என்றும் நீதான் சொன்னாய்.

நம் கிணற்றுக்குச் சுவர் எப்போது எழுப்பினோம் என்று உனக்குத் தெரியும். அதற்கு முந்தின சித்திரை முழுக்கச் சின்ன அத்தை சாயங்காலமானால் கிணற்று மேட்டில் போய் உட்காருவாள். காற்று வாங்குகிறாள் என்றார் அப்பாரு. ஆத்தாவும் அதையேதான் சொன்னாள். நானும் பட்டியை அடைத்துவிட்டு அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருவேன். என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, அதை விடு.

ஊர் விஷயம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெறிநாய் புகுந்து பக்கத்துக் காட்டுப் பட்டியில் ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டது, அதனால் இப்போது ராத்திரி பட்டிக்குக் காவல் போகிறேன். கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் இன்னும் தலைகாட்டவில்லை. உங்கள் ஊர் ஆடுகளை முடி உதிரும் பருவத்தில் கத்தரிக்கோல் இல்லாமல் கையாலேயே பிடுங்கி, மோதிரத்துக்குள் நுழைகிற மாதிரிச் சால்வை பின்னுவார்கள் என்றாயே, நம் மயிலம்பாடி ஆட்டிடம் அந்த வேலை நடக்காது. உன் அம்மா சிவன்மலைக்குப் போய், சாமி பக்தர் கனவில் வந்து சொன்ன பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து, அதற்கும் உனக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தம்பி பையனுக்கு அங்கேதான் மொட்டை போட்டோம். அத்தை மடி இல்லாமலே போட்டோம். சொல்லிக்காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஈரோட்டுச் சம்பந்தி போன் செய்தார். நான் பிடி கொடுக்கவில்லை. நீ பர்மிங்ஹாமை விட்டு ஷெட்லாண்டில் லெர்விக் ஆஸ்பத்திரிக்கு மாறினது வேலைக்காகத்தான் என்று சொல்லியிருக்கிறேன். மற்றதை நீயாகச் சொல்கிற வரைக்கும் நான் கேட்கப் போவதில்லை. அம்மாவையும் கேட்க விடமாட்டேன். ஊரில் யார் என்ன பேசினாலும் அது என் பாடு. படிக்க அனுப்பினபோதும் பேசினார்கள், ஏதாவது குறைந்து போனோமா?

இந்நேரம் பஃபின் எல்லாம் கடலுக்குப் போயிருக்கும். அதன் குஞ்சு ராத்திரியில் தனியாகவே கிளம்பிப் போய், சில வருஷம் கழித்துத்தான் கரைக்கு வரும் என்று எழுதினாய். "எத்தனை வருஷமாம்?" என்று உன் அம்மா உடனே கேட்டாள். அவள் பறவையைக் கேட்கவில்லை. எனக்குக் கவலை இனி வருகிற குளிர்காலம். மார்கழியில் ஆறு மணி நேரம்கூட முழு வெளிச்சம் கிடையாது என்கிறாய். ஃபுல்மர் பறவை மட்டும் அநேகமாக வருஷம் முழுக்க அந்தப் பாறையில் இருக்குமாம், கிட்டே போனால் நாற்ற எண்ணெயைத் துப்புமாம். துப்பட்டும், நல்லது. பார்க்கப் பறவையே இல்லாத நாளில் அந்த முனைக்கு எதற்கு? போயே ஆக வேண்டும் என்றால் ஓர்கா திமிங்கிலம் வந்திருக்கிறது என்று சேதி பரவி ஊரே காரை எடுத்துக்கொண்டு ஓடுமாமே, அப்படிக் கூட்டம் இருக்கிற நாளாகப் பார்த்துப் போ. பகலில் போ. சுவருக்கு இந்தப் பக்கம் நில். கார்த்திகைக்கு இங்கே வந்தாயானால் வெள்ளோட்டுப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போகிறேன். 2022-ல் அதையும் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கூழைக்கடா, நாரை எல்லாம் வரும், ஏரிக்கரையில் தடுக்கி விழுந்தாலும் சேறுதான்.

இனி படம் அனுப்பினால் அதில் நீயும் இருக்க வேண்டும். பாறையும் பறவையும் பார்த்தது போதும். பக்கத்தில் இருக்கிறவர்கள் யாரிடமாவது கொடுத்து எடுக்கச் சொல். போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன், பட்டியிலும் சிக்னல் கிடைக்கிறது. எங்களுக்கு நடுராத்திரி என்று பார்க்காதே.

பருப்புப் பொடி, கொள்ளு, அரிசிம்பருப்புச் சோற்றுக்கு இடித்த பொடி எல்லாம் அம்மா கட்டி வைத்திருக்கிறாள். பார்சலில் போடவில்லை. பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது, புதுப்பித்து வாங்கிவிட்டேன். ஆடுகளைத் தம்பி பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். விமான நிலையம் அந்த முனைக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது, ஓடுபாதைக்குக் குறுக்கே ரோடு போகிறது, விமானம் வந்தால் ரயில்வே கேட் மாதிரி அடைத்துவிடுவார்கள் என்று சொன்னாயே, அதையும் பார்த்த மாதிரி இருக்கும். விசாவுக்கு உன் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்கிறார்கள். அதை அனுப்பு. என் பக்கத்துக்கு நிலத்துச் சிட்டாவும் பேங்க் பாஸ்புக் நகலும் போதுமா, இல்லை ஆடு விற்ற கணக்கும் கேட்பார்களா என்று விசாரித்து எழுது.

அப்பா